நான் யாரிடமெல்லாம் கேட்டேன்

பிள்ளைகளே,

போன வாரம் நடுப்பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவள் படிக்கிற அந்தக் கம்ப்யூட்டர் மொழியில் ஏதோ ஒரு வரி ஓடவில்லை. கம்ப்யூட்டரிலேயே முன்பின் தெரியாதவர்கள் கூடுகிற இடத்தில் அதை எழுதி உதவி கேட்டிருக்கிறாள். ஒருவன், முதலில் புத்தகத்தைப் படித்துவிட்டு வா என்று எழுதினானாம். இன்னொருவன், இதுகூடத் தெரியாதவர்கள் இங்கே எதற்கு வருகிறீர்கள் என்று சிரித்தானாம். அவர்களைவிட நம் பெரியவன் பேச்சுத்தான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. சுங்கை காடுட் பாக்டரியிலிருந்து வேலை முடிந்து வந்தவன், சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எதுக்குலா போய்க் கேட்ட? கேட்டாத்தானே நமக்கு ஒண்ணும் தெரியலன்னு அவனுக்குத் தெரியும்" என்றான்.

அந்த ஒரு பேச்சுக்காக இதை எழுதுகிறேன். எனக்குத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. கம்ப்யூட்டரை எனக்குத் தூசி தட்ட மட்டும் தெரியும். ஆனால் புரியாத எழுத்தில் எழுதிவைத்த உத்தரவைப் பார்த்து வேலை செய்ய வேண்டிய கட்டாயம் எனக்கும் வந்தது. நானும் தப்பாகப் படித்தேன். என் தப்பால் ஒரு பெண்ணும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் நடுரோட்டில் நிற்க இருந்தார்கள். கேட்டது தப்பா, கேட்காமல் இருப்பது தப்பா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மலாயாவில் அவசரகாலம்; கம்யூனிஸ்ட்காரர்கள் காட்டில் இருந்துகொண்டு வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட நேரம். ரந்தாவிலிருந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல், தள்ளி எங்கள் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். விடிந்து ஆறு மணிக்குத்தான் கேட்டைத் திறப்பார்கள். வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு மடியில் இருந்தாலும் காட்டில் இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோகிறாய் என்று பிடித்துக்கொள்வார்கள். வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்துதான் சாப்பாடு. "வெட்டுவது" என்றால் மரத்தைச் சாய்ப்பது என்று நினைக்காதீர்கள். உளியால் கித்தா என்கிற ரப்பர் மரத்தின் பட்டையை ஒரு நூல் கனத்துக்குச் சீவிப் பால் வடிய விடுவதைத்தான் நாங்கள் வெட்டு என்போம்.

மரத்தை நாசம் செய்வது அந்தக் காலத்தில் சின்னக் குற்றமில்லை. காட்டிலிருந்து வந்தவர்கள் இரவோடு இரவாக நூற்றுக்கணக்கான மரங்களைக் கொத்திவிட்டுப் போவார்கள். அதனால் ஒரு மரத்தில் தாறுமாறான காயம் இருந்தாலும், யார் வெட்டுகிற நிரை இது என்றுதான் முதலில் கேட்பார்கள். கீழ் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு அப்படித்தான் இருபத்துநாலு மணி நேர நோட்டீஸ் கொடுத்தார்கள். சட்டி பானையோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அரிசி அட்டையில் எழுதியிருப்பது தோட்டத்து விலாசம். அந்த விலாசம் போனால் வேறெங்கேயும் ஒரு பிடி அரிசி வாங்க முடியாது.

காட்டோரமாக ஒரு மூலையில் அறுபது மரம், ஒட்டுக்கட்டிய இளமரம், முதல் வெட்டுக்குத் தயாராகியிருந்தது. பெரிய ஆபீசிலிருந்து யாரோ வந்து அதைப் பரீட்சைக்கு என்று பிரித்துவைத்தார்கள். ஒவ்வொரு மரத்திலும் தகரத்தை வைத்து, மரத்தை முழுசாகச் சுற்றி வருகிற மாதிரி சாய்வாகக் கோடு கிழித்தார்கள். அதற்கு முன்னால் நாங்கள் வெட்டியதெல்லாம் பாதி மரம்தான். பிறகு மூலையில் ஒரு வெள்ளைப் போர்டை நட்டார்கள். அதில் கறுப்பில்:

S/1.d/3.133%

அவ்வளவுதான். அந்த அறுபதில் முப்பது எனக்கு, முப்பது எனக்குப் பக்கத்து நிரை வெட்டும் அக்காவுக்கு. எங்கள் வழக்கமான நிரையோடு சேர்த்து இதையும் பார்க்க வேண்டும்.

அக்கா எனக்குச் சொந்தமில்லை. மூன்றாம் லயத்தில் என் வீட்டுக்கு மூன்று கதவு தள்ளி இருந்தாள். புருஷனைச் சப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனான். அவர் திரும்பவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள். வாய் கொஞ்சம் நீளம், உளி அதைவிடக் கூர்மை. அவள் வெட்டிய பட்டையைக் கையில் எடுத்தால் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும்.

எங்களை வேலை வாங்குகிற மண்டோர் எங்கள் இருவரையும் அந்த மூலைக்குக் கூட்டிப் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மண்டோரைச் சுட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து அவர் கடைசி ரோட்டைத் தாண்டுவதே இல்லை. ரோட்டில் நின்றபடியே கையை நீட்டினார்.

"அங்க போர்டு இருக்கு. அதப் பாத்து வெட்டிக்குங்க. ஆபீஸ் மரம். ஏதாச்சும் ஆச்சு, இருபத்துநாலு மணி நேரம்தான், சொல்லிட்டேன்."

"போர்டுல என்ன போட்டிருக்குங்க மண்டோரே?" என்று அக்கா கேட்டாள்.

"எப்பிடி வெட்டணும்னு போட்டிருக்கு."

"எப்பிடி வெட்டணும்?"

"போர்டுல போட்டிருக்கிற மாதிரி."

சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டார். அக்கா அவர் முதுகைப் பார்த்து, "வெவரமான ஆளுதான்" என்றாள்.

போர்டில் இருந்ததைச் சிகரெட் பெட்டியின் உள்தாளில் ஒரு கரித்துண்டால் அப்படியே எழுதிக்கொண்டேன். அன்று ஸ்டோரில் பால் ஊற்றியதும் ஆபீஸ் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணியிடம் போனேன். அவர் நம் ஆள்தான், செரம்பானில் இங்கிலீஷ் படித்தவர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா.

"ஐயா, இதுக்கு என்னங்க அர்த்தம்?"

தாளை வாங்காமலே எட்டிப் பார்த்தார். "கித்தா வெட்டுறவனுக்கு இங்கிலீசு எதுக்குடா?"

"வெட்டுறதுக்குத்தாங்க."

பின்னால் பால் வாளியோடு நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. கிராணியின் முகம் சிவந்தது. "போ, போய்ப் படிச்சிட்டு வா. எல்லாரும் கிராணியாயிட்டா அப்புறம் யாருடா மரம் வெட்டுறது?" என்றார்.

நான் தாளை மடித்து வைத்துக்கொண்டேன். உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் கேட்டதற்காக நான் வெட்கப்படவில்லை. பதில் தெரிந்தும் சொல்லாத அந்த மனிதர்தான் வெட்கப்பட வேண்டும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அந்த எண்ணத்தில் மாற்றமில்லை.

மறுநாள் காலை கேட்டில் தடவிப் பார்த்த காவல்காரன் என் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தான். புள்ளியும் கோடும் எண்ணுமாக இருக்கவே அவன் கண் பெரிதானது. என்னை ஓரமாக நிறுத்தி, சார்ஜன்டைக் கூப்பிட்டான். சார்ஜன்ட் மலாய்க்காரர், பெரிய மீசை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் என்னைவிட்டு இரண்டடி விலகிவிட்டார்கள். அந்த நேரத்தில் என்ன தைரியம் வந்ததோ, எனக்குத் தெரிந்த மலாயில், "சார்ஜன்ட், இது கித்தா போர்டு. இதுக்கு என்ன அர்த்தம், உங்களுக்குத் தெரியுமா?" என்று அவரிடமே கேட்டேன்.

அவர் என்னையும் தாளையும் பார்த்தார். பிறகு கடகடவென்று சிரித்தார். "தா தாஹூ!" என்றார். தெரியாதாம். தாளை என் பையிலேயே செருகி, தட்டிக் கொடுத்து அனுப்பினார். கிராணி தெரிந்தும் சொல்லவில்லை. சார்ஜன்ட் தெரியாததைத் தெரியாது என்றார். எனக்கு இரண்டாவது ஆளைத்தான் பிடித்திருந்தது.

அக்கா அன்று பூராவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "ஏம்ப்பா, உன்னப் பிடிக்க வந்தவன்கிட்டயே பாடம் கேட்டியே. நாளைக்குப் புலி வந்தா அதுகிட்டயும் கேப்ப போல."

"சொல்லும்னா கேப்பேங்க்கா."

மூன்றாவதாகத் தோட்டத்துப் பள்ளி வாத்தியாரிடம் கேட்டேன். அவருக்கும் கித்தாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "முதல் எழுத்து என்னன்னு எனக்குப் பிடிபடல. இந்த டி நாளாத்தான் இருக்கணும். நாள், மூணு. மூணு நாளைக்கு ஒரு தடவ. என் யூகம்தான்டா, சத்தியம் பண்ணச் சொல்லாத" என்றார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. கெடுத்தது நான்.

முதல் எழுத்து பிரச்சினையாக இல்லை. மரத்திலேயே முழுச்சுற்றுக் கோடு கிழித்திருந்தார்கள், கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று நாள் கணக்கைத்தான் நாங்களாக வைத்துக்கொண்டோம். மற்ற நிரைகளுக்கு இன்றைக்கு இது, நாளைக்கு அது என்று மண்டோர் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் சத்தம் போட்டுச் சொல்லிவிடுவார். நாங்கள் எண்ண வேண்டியதே இல்லை. இந்த மூலைக்கு மட்டும் சொல்ல ஆளில்லை. அதனால் அக்கா தன் வீட்டுக் கதவு நிலையில் கரியால் கோடு போட ஆரம்பித்தாள்.

நான்தான் அவளுக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தேன். வெட்டுகிற அன்றைக்கு ஒரு கோடு. அடுத்த நாள் இரண்டாவது. அதற்கும் அடுத்த நாள் மூன்றாவது கோடு. மூன்று கோடு ஆனதும் உளியை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போவோம். வெட்டிவிட்டு வந்ததும், அந்த வெட்டுக்கு என்று அதன் கீழே புது வரிசையில் முதல் கோடு. எங்கள் சனங்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் எண்ணுவார்கள். சாவு விழுந்த நாளையே முதல் நாளாக வைத்துத்தான் பதினாறு. பிள்ளை பிறந்த நாள்தான் தீட்டுக்கு முதல் நாள். அதில் தப்பு இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நடுப்பிள்ளைக்குக் கட்டாயம் புரிந்திருக்கும். வெட்டிய நாளை நாங்கள் இரண்டு முறை எண்ணினோம். பழைய வரிசைக்கு அதுதான் கடைசி, புது வரிசைக்கு அதுவே முதல். மூன்று நாளைக்கு ஒரு தடவை வெட்ட வேண்டிய மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டிக்கொண்டிருந்தோம். அதுவும் முழுச்சுற்று.

ஒரு மாதம் பால் நன்றாக வந்தது. மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய மங்கு நிறைந்து வழிந்தது. மண்டோர் ரோட்டில் நின்றபடி, "பரவால்லையே" என்றார். இரண்டாம் மாதம் பால் தண்ணீராகியது. பிறகு சில மரங்களில் கோட்டின் பாதி தூரத்துக்குத்தான் பால் சுரந்தது, மீதி பழுப்பாக, ஈரமில்லாமல் நின்றது. அக்காவின் முப்பதில் ஏழு மரம் முழுசாக வறண்டது. என்னுடையதில் நாலு.

"மண்டோரே, பால் நிக்குதுங்க" என்று போய்ச் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார். "மழ" என்றார். அந்த வாரம் ஒரு துளி மழை பெய்யவில்லை.

ஆபீசிலிருந்து ஆள் வந்து மரத்தை அளக்கப்போகிறார் என்று தெரிந்ததும், போர்டுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கப் பக்கத்துக் கம்பத்திலிருந்து, மலாய்க்காரர் கிராமம் அது, ஒருவர் சைக்கிளில் வந்தார். சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் அவர்தான் போர்டு எழுதுகிறவர். மரத்தடியில் குந்தி, அந்த எழுத்துகளின் மேலேயே அழகாகத் தூரிகையை ஓட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இவரை மட்டும் ஏன் விடுவது?

"பாங், இதுக்கு அர்த்தம் தெரியுமா?"

தனக்கு எழுதத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது என்றார். பிறகு தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். அடுத்த தோட்டத்தில் இதே மாதிரி ஒரு போர்டு எழுதினாராம். அங்கே மூன்றுக்குப் பதில் இரண்டு. அவருடைய மச்சான் அங்கேதான் காவலுக்கு நிற்கிறான், அந்த மூலைக்கு எப்போது ஆள் வரும் என்று அவனுக்குத் தெரியும். "ஹாரி இனி போத்தோங், ஏசோக் தா போத்தோங்" என்றார். இன்றைக்கு வெட்டு, நாளைக்கு வெட்டு இல்லை. மறுநாள் மறுபடி வெட்டு.

அவர் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். இரண்டு என்று எழுதிய இடத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று என்று எழுதிய இடத்தில் நாங்களும் ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? அங்கேயே மண்ணில் கோடு கிழித்து எண்ணிப் பார்த்தேன். நாலு முறை எண்ணினேன். நாலு முறையும் தப்பு எங்கள் பக்கம்தான்.

அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் மங்கு துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"பிள்ளைங்கள எங்கப்பா கொண்டுபோவேன்?" என்றாள்.

"அக்கா, இனிமே சரியா எண்ணிக்குவோம். யாருக்கும் தெரியாது."

"மரம் சொல்லிடும். பட்டைய அளந்தா எத்தன வெட்டுன்னு அப்பவே தெரிஞ்சிடும். அவங்களா கண்டுபிடிச்சா நாம காட்டுக்காரனுக்காக மரத்தக் கொன்னவங்க. நாமளே போய்ச் சொன்னா எண்ணத் தெரியாதவங்க. எனக்கு எண்ணத் தெரியாதவளா இருக்கிறது பரவால்ல."

மண்டோரிடம் சொன்னோம். அதுதான் முறை. அவர் பயந்துபோனார், ஆனால் எங்களுக்காக இல்லை. மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடித்ததும் எங்கள் இருவரையும் முன்னால் நிற்கச் சொன்னார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்திருந்தார். அவர் பக்கத்தில் கிராணி. கேட்டிலிருந்து சார்ஜன்டும் வந்து நின்றார். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் மூத்த பெண் தங்கையின் கையைப் பிடித்தபடி கம்பி வேலியோரம் நின்றாள்.

"தொரை, இந்தப் பொம்பள ஆபீஸ் மரத்தையெல்லாம் கெடுத்துப்புட்டா" என்றார் மண்டோர். என்னைச் சொல்லவில்லை. அக்காவுக்கு ஆம்பிளைத் துணையில்லை என்பது அவருக்குத் தெரியும்.

துரை எங்கள் தமிழைத் தோட்டத்திலேயே கற்றவர். "யார் சொல்லி இது செஞ்சது? காட்டு ஆள் சொன்னது?" என்றார்.

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். "தொரை, போர்டைப் படிச்சுச் சொன்னது நான். எண்ணிச் சொன்னதும் நான். அக்கா நான் சொன்னபடி வெட்டுச்சு."

"ஓ, நீ படிச்சியா!" என்று கிராணி பாய்ந்தார். "யாரக் கேட்டுடா படிச்ச?"

"உங்களத்தாங்க முதல்ல கேட்டேன்."

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி பேச முடியாது என்று எனக்குத் தெரியும். "ஸ்டோர்ல வச்சுக் கேட்டேன். போய்ப் படிச்சிட்டு வான்னீங்க. மண்டோரக் கேட்டோம், போர்டுல இருக்கிற மாதிரின்னாரு. வாத்தியாரக் கேட்டேன். பால் நின்னப்ப மண்டோர மறுபடி கேட்டேன், மழைன்னாரு. போர்டு எழுதுறவரக் கேட்டேன். இதோ நிக்கிற சார்ஜன்டக்கூடக் கேட்டேன், தொரை. மரத்தக் கொல்ல நெனைக்கிறவன் சார்ஜன்ட்கிட்ட வழி கேப்பானா?"

துரை திரும்பினார். சார்ஜன்ட் விறைப்பாக நின்று, "பெத்துல், துவான்" என்றார். உண்மைதான் என்று. சொல்லிவிட்டு அந்தத் தாளைத் தானே கையில் வைத்துப் பார்த்ததையும் மலாயில் சொன்னார். தனக்குத் தெரியவில்லை என்று சொன்னதையும் மறைக்கவில்லை.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். "என் வீட்டுக் கதவுல கோடு போட்டு வச்சிருக்கேன் தொரை. ஒவ்வொரு வெட்டும் அதுல இருக்கு. வந்து பாருங்க. களவாணித்தனம் பண்றவ தன் வீட்டு நிலையிலயே எழுதி வைப்பாளா?" பிறகு கிராணி பக்கம் திரும்பினாள். குரலை இறக்கி, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். "கிராணி ஐயா, நாங்க தற்குறி. நீங்களே எண்ணிச் சொல்லுங்க. இன்னைக்கு வெட்டுறேன். மூணு நாளைக்கு ஒரு வெட்டுன்னா, அடுத்து என்னைக்கு?"

கிராணி சலிப்போடு விரலை நீட்டினார். "இன்னைக்கு ஒண்ணு. நாளைக்கு ரெண்டு. நாளான்னைக்கு மூணு. நாளான்னைக்கு வெட்டு. இதுல என்ன இருக்கு?"

"அதத்தாங்க நாங்களும் வெட்டுனோம்" என்றாள் அக்கா.

அவருடைய மூன்று விரலும் அப்படியே நீட்டி நின்றன. பின்வரிசையில் யாரோ ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நெருப்பு மாதிரிப் பரவியது. துரை சிரிக்கவில்லை. தானும் ஒரு முறை விரலை மடக்கி எண்ணினார். முதலில் மூன்றாவது விரலில் நின்று, பிறகு தலையை ஆட்டி, நாலாவதைத் தொட்டார். "இல்லே. வெட்டு, சும்மா, சும்மா, வெட்டு" என்றார். கிராணி பேனாக்களைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தார்.

நோட்டீஸ் இல்லை. அக்காவின் வீடு தப்பியது. அதற்கு மேல் யாரும் எங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிடவில்லை, அப்படி நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. இருவரையும் அந்த மூலையிலிருந்து எடுத்து, அட்டை கடிக்கிற சதுப்பான பாசாக்காட்டு நிரைக்குத் தள்ளினார்கள். அந்த அறுபது மரத்தை வேறு இருவருக்குக் கொடுத்தார்கள். பெரட்டு கலைகிறபோது அந்த இருவரில் ஒருவன் கிராணியிடம் போய், "ஐயா, அந்தப் போர்டுல…" என்று ஆரம்பித்தான். "மண்டோர் சொல்லுவாரு, போ" என்றார். மண்டோர் ரோட்டைத் தாண்டமாட்டார் என்பது அவருக்கும் தெரியும்.

அக்கா வீட்டுக்குப் போய் முதல் வேலையாகக் கதவு நிலையைத் துடைக்கப்போனாள். துணியை நனைத்து எடுத்தவள், அப்படியே போட்டுவிட்டாள். "இருக்கட்டும். எவனாச்சும் வந்து கேக்கட்டும்" என்றாள். அவள் பெண்கள் வளர்ந்து கல்யாணமாகிப் போகிறவரை அந்தக் கோடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த 133-க்கு அர்த்தம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், செரம்பானில், லோபாக்கில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத மனிதரிடம். ஒரு மரம் சாதாரணமாக உழைப்பதை நூறு என்று வைத்தால், அந்த மரங்களிடம் அதற்கும் மேல் முப்பத்துமூன்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் எண்ணிய எண்ணில் அது இருநூறு ஆகியிருக்கிறது. மரம் வறண்டதில் ஆச்சரியமில்லை.

பெரியவனே, கேட்டால் நம் முட்டாள்தனம் வெளியே தெரிந்துவிடும் என்றாய். தெரியட்டுமே! அன்றைக்கு இருநூறு பேருக்கு முன்னால் என் முட்டாள்தனம் தெரிந்தது. நான் யாரிடமெல்லாம் கேட்டேன் என்பதும் தெரிந்தது. அந்த இரண்டாவதுதான் ஒரு குடும்பத்தைக் கேட்டுக்கு உள்ளே வைத்தது. யாரிடமும் கேட்காமல் அதே தப்பைச் செய்திருந்தால் எங்களுக்காகச் சார்ஜன்ட் எதைச் சொல்லியிருப்பார்? நடுப்பிள்ளை, நீ எழுதிய கேள்வியை அழித்துவிடாதே. சிரித்தவன் பதிலும் அதன் கீழே அப்படியே இருக்கட்டும். நாளைக்கு இன்னொரு முறை கேள்.

இன்னும் ஒன்று. இதை நான் உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

பெரட்டுக்கு இரண்டு நாள் கழித்து, பாசாக்காட்டு நிரையை வெட்டி முடித்துவிட்டு, பால் வடிகிற அந்த இடைவேளையில் நான் மட்டும் காட்டோர மூலைக்கு நடந்தேன். மரக்காயத்துக்குப் பூசுகிற தார் ஒரு டப்பாவில் என்னிடம் இருந்தது. காவல்காரன் ரோட்டில் எங்கோ நின்றான். போர்டின் முன்பக்கத்தை நான் தொடவில்லை. பின்பக்கம் வெறும் பலகை. ஒரு குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கி, தாரில் தோய்த்து, தமிழில் எழுதினேன்.

முழுச்சுற்று.
இன்று வெட்டு. நாளை இல்லை. மறுநாள் இல்லை. அதற்கடுத்த நாள் வெட்டு.

எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பெயரில்லாமல் எழுதிவைத்ததெல்லாம் காட்டிலிருந்து வந்தது என்றுதான் பிடிப்பார்கள். அதைவிட, இதை யார் எழுதியது என்று கிராணிக்குத் தெரிய வேண்டும் என்றும் எனக்கு இருந்தது. குச்சியை மறுபடி தாரில் தோய்த்து, அதன் கீழே என் வீட்டு விலாசத்தையும் சேர்த்து எழுதினேன்: தெரியாதவர்கள் கேட்கலாம். மூன்றாம் லயம், ஏழாம் கதவு.

கைத் தாரை மண்ணில் தேய்த்துவிட்டுப் பால் எடுக்கப் போனேன்.